கையெழுத்துக்கு முன் கணக்கு: மலையகத்தில் லீசிங், தவணை, குழுக் கடன் எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லீசிங், அதாவது வண்டியைக் கம்பனி வாங்கித் தர நாம் தவணையில் கட்டுவது, எடுக்கப் போகிறவர் முதலில் கேட்பது "வட்டி எவ்வளவு?" என்றுதான். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. வட்டி வீதத்தை நாலு விதமாகச் சொல்லலாம், நாலுமே பொய்யில்லாமல் இருக்கும். ரூபாவில் சொல்லச் சொன்னால் ஒரே விதமாகத்தான் சொல்ல முடியும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகிறது.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். லீசிங்குக்கு அடையாள அட்டைப் பிரதி, பிணையாளரின் சம்பளத் துண்டு, கிராம உத்தியோகத்தர் கடிதம் எல்லாம் என் மெஷினில்தான் பிரதி எடுக்கப்படுகின்றன. கடன் எடுப்பவர் கம்பனிக்குக் கொடுக்கும் தாள்கள் ஒரு கட்டு இருக்கும். கம்பனி அவருக்குக் கொடுத்த தாள் என்று ஒன்றைப் பிரதி எடுக்க வருபவர்கள் குறைவு. சட்டம் அவர்களுக்குத் தரச் சொன்ன தாள் ஒன்று உண்டு. கேட்டு வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

முதல் படி: கடன் தருவது யார் என்று பாருங்கள்

வீட்டு வாசலுக்கு வருகிற எல்லோரும் ஒரே சட்டத்தின் கீழ் இல்லை. வங்கியும் நிதிக் கம்பனியும் இலங்கை மத்திய வங்கியின் கண்காணிப்பில் இருப்பவை. நிதிக் கம்பனிகளுக்கு 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம். லீசிங் தொழில் செய்வதற்கு 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். நுண்கடன் கம்பனிகளுக்காக 2016இல் வந்தது 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம்.

இதற்கு வெளியே நிற்பவர்கள் பலர். நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கொடுக்கிற ஆள், டவுனில் போர்ட் மட்டும் போட்டு நடத்துகிற "இன்வெஸ்ட்மென்ட்" கடை, கைத்தொலைபேசி ஆப்பில் அஞ்சே நிமிடத்தில் காசு போடுகிறவர்கள். இவர்களிடம் சிக்கல் வந்தால் மத்திய வங்கிக்கு எழுதிப் பெரிய பயன் இருக்காது. பொலிஸ், நீதிமன்றம் என்று வேறு பாதையில்தான் போக வேண்டும்.

அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய வங்கி இணையதளத்தில் இருக்கிறது. விசிட்டிங் கார்ட்டில் உள்ள பெயரைப் பார்க்காதீர்கள், ரசீதில் அச்சடித்த முழுப் பெயரைப் பாருங்கள். பெரிய கம்பனியின் பெயர் போலவே ஒலிக்கிற சின்னக் கம்பனிகள் உண்டு. "ஏஜன்ட்" என்று வருகிறவர் எந்தக் கம்பனிக்கு ஏஜன்ட் என்பதையும் அந்தக் கிளைக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: நாலு எண்களை எழுதி வாங்குங்கள்

ஒரு கொப்பித் தாள் போதும். கடன் பேச வந்தவர் முன்னாலேயே நாலு வரி எழுதுங்கள்.

கைக்கு வருகிற காசு. கடன் தொகை வேறு, கைக்கு வருவது வேறு. ஆவணக் கட்டணம், காப்புறுதி, முத்திரைச் செலவு, சில இடங்களில் கட்டாயச் சேமிப்பு என்று வெட்டியது போக மிச்சம் எவ்வளவு என்பதே உங்கள் கடன்.

ஒரு தவணை எவ்வளவு.

எத்தனை தவணை. வாரமா, மாதமா.

இரண்டையும் பெருக்கினால் வருகிற மொத்தம்.

நாலாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் இந்தக் கடனின் விலை தெரியும். வட்டி, கட்டணம், சேவைச் செலவு என்று அவர்கள் எந்தப் பெயர் வைத்தாலும் உங்கள் பையிலிருந்து போவது அந்தத் தொகைதான். இந்த நாலு வரியின் கீழ் பெயர் எழுதிக் கையொப்பம் வைக்கச் சொல்லுங்கள். வைக்க மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு வேண்டிய பதில்.

மூன்றாம் படி: சொன்ன வட்டி எங்கே, உண்மை வட்டி எங்கே

இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

ஒரு இலட்சம் ரூபா கடன், வருடத்துக்கு 24 சதவீதம், 12 மாதத் தவணை என்று வைப்போம். "ஃப்ளாட்" முறையில் கணக்குப் போடுகிறவர் ஒரு இலட்சத்துக்கு 24,000 ரூபா வட்டி சேர்த்து 124,000 ஆக்கி 12ஆல் வகுப்பார். மாதம் 10,333 ரூபா. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு இலட்சம் ரூபா உங்கள் கையில் வருடம் முழுக்கவா இருந்தது? முதல் மாதமே கொஞ்சம் திருப்பிக் கட்டிவிட்டீர்கள். ஆறேழு மாதத்தில் பாதிக் கடன் தீர்ந்துவிட்டது. கடைசி மாதத்தில் உங்களிடம் மிச்சம் இருப்பது பத்தாயிரம் ரூபா போல. அந்தப் பத்தாயிரத்துக்கும் ஒரு இலட்சத்துக்கான வட்டியைக் கட்டுகிறீர்கள். மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி என்று கணக்கைத் திருப்பிப் போட்டால் அதே 10,333 ரூபாத் தவணை, வருடத்துக்கு ஏறக்குறைய 42 சதவீதம் ஆகிறது.

இன்னும் முடியவில்லை. ஆவணக் கட்டணம் 3,000, காப்புறுதி 2,000 என்று வெட்டி 95,000தான் கையில் கொடுத்தார்கள் என்றால், உண்மை வட்டி 52 சதவீதத்தைத் தொடுகிறது. 24 என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. 52 என்பதைச் சொல்லாமல் விட்டார்.

இதைப் போனில் உள்ள கால்குலேட்டரிலேயே தோராயமாகப் பார்க்கலாம். கடனின் விலையை, அதாவது மொத்தம் கட்டுவதில் கைக்கு வந்தது போக மிச்சத்தை, 24ஆல் பெருக்குங்கள். கைக்கு வந்த காசை, தவணை எண்ணிக்கையுடன் ஒன்று கூட்டி அதனால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருட வட்டி வரும். மேலே உள்ள கணக்கில் 29,000ஐ 24ஆல் பெருக்க 696,000. 95,000ஐ 13ஆல் பெருக்க 1,235,000. வகுத்தால் 56 சதவீதம். உண்மையான 52ஐ விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது, பரவாயில்லை. பயப்பட வேண்டிய கடன் எது, பயப்படத் தேவையில்லாதது எது என்று பிரிக்க இது போதும். வாரத் தவணை என்றால் 24க்குப் பதில் 104ஆல் பெருக்குங்கள்.

வாரக் கடன் ஒன்றைப் பார்ப்போம். ஒரு பெண் குழுவில் சேர்ந்து எடுக்கும் 50,000 ரூபா குழுக் கடன், 2,000 வெட்டி 48,000 கையில். வாரம் 1,250 ரூபா, 52 வாரம். "வாரத்துக்கு ஆயிரத்து இருநூத்தி ஐம்பதுதானே" என்றுதான் தோன்றும். மொத்தம் 65,000 கட்டுகிறீர்கள், கடனின் விலை 17,000. சரியாகக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 63 சதவீதம் போல வரும். மேலே சொன்ன குறுக்கு வழியில் 69 வரும். அதே பெண் தன் சங்கிலியை வங்கியில் அடகு வைத்திருந்தால் எவ்வளவு வட்டி ஆகியிருக்கும் என்று அடகுத் துண்டில் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். நகை வைக்க வெட்கப்பட்டுக் குழுக் கடன் எடுப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அந்த வெட்கத்தின் விலை பெரிது.

நாலைந்து வருட லீசிங்குக்கு இந்தக் குறுக்கு வழி அதிகமாகவே கூட்டிக் காட்டும். அதற்குப் போனில் ஒரு கடன் கால்குலேட்டர் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். தொகையையும் மாதங்களையும் கொடுத்து, தவணை சரியாக வரும் வரை வட்டியை ஏற்றி இறக்கிப் பார்த்தால் போதும்.

நான்காம் படி: தாளைத் தமிழில் கேளுங்கள்

2023 ஆகஸ்டில் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. தன் கண்காணிப்பில் உள்ள வங்கி, நிதிக் கம்பனி, லீசிங் கம்பனி ஆகியவற்றுக்கு அது பொருந்தும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் வட்டி, கட்டணங்கள், தாமதக் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் ஆகும் செலவு, முறைப்பாடு செய்யும் வழி எல்லாவற்றையும் விளங்கக்கூடிய மொழியில் வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். முக்கிய விபரங்களை ஒரு தாளில் சுருக்கிக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதன் பெயர் Key Facts Document, சுருக்கமாக கே.எஃப்.டி. கிளையில் "கே.எஃப்.டி. தாங்க" என்று கேட்டால் ஊழியர்களுக்கு உடனே புரியும்.

தமிழில் கேளுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. நிதி நிறுவனங்களுக்கும் வாடிக்கையாளர் விரும்பும் மொழியில் விபரம் தரும் பொறுப்பு இருக்கிறது. "தமிழ் ஃபோர்ம் முடிஞ்சு போச்சு, கொழும்புல இருந்து வரணும்" என்பார்கள். "வந்ததும் சொல்லுங்க, அப்ப வந்து சைன் பண்றேன்" என்று எழும்பிவிடுங்கள். தமிழ் ஃபோர்ம் சீக்கிரமே வந்து சேரும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. கடன் கொடுப்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற சட்டத்துக்கு உலகம் முழுக்க அமெரிக்காவைத்தான் காட்டுவார்கள். 1968இல் அங்கே வந்த சட்டம், கடனுக்கு ஆகும் மொத்தச் செலவையும் கடன் கட்டணங்களைச் சேர்த்த வருட வட்டி வீதத்தையும் கண்ணில் படும்படி போட வேண்டும் என்றது. வாகனம் முதலியவற்றின் குத்தகைக்கு 1976இல் தனியாக ஒரு சட்டம் வந்தது. கையெழுத்தின்போது கட்டுவது எவ்வளவு, மாதம் எவ்வளவு, இடையில் விட்டால் என்ன அபராதம், கடைசியில் வாங்குவதென்றால் என்ன விலை என்றெல்லாம் அது கேட்கிறது. ஆனால் வட்டி வீதத்தைச் சொல்லச் சொல்லவில்லை. லீசிங்கில் வட்டி மறைந்துகொள்வது அங்கேயும் நடக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் நாட்டில் அந்த 1968க்கு ஐம்பது வருடம் முன்பே ஒரு சட்டம் இருந்தது. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம். கடனுக்குப் பிணையாக வாங்கும் வாக்குறுதிச் சீட்டில், அதாவது நாம் "நோட்டு" என்று சொல்வதில், மூன்று விஷயம் இருக்க வேண்டும் என்கிறது: உண்மையில் கடனாகக் கொடுத்த தொகை, முன்கூட்டியே வெட்டிய வட்டியும் கட்டணமும், வருட வட்டி வீதம். இவை இல்லாத நோட்டை வைத்து வழக்குப் போட்டு வெல்வது சுலபமில்லை. தொகை எழுதாத வெற்று நோட்டில் கையெழுத்து வாங்குவது அந்தச் சட்டத்தில் குற்றம். வட்டி அநியாயமாக இருந்தால் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திறந்து பார்க்கவும் முடியும்.

அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. தோட்டத்து லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, வந்து வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கும் வட்டிக்காரருக்கும் அது தெரியும். நமக்குத் தெரியாது என்பதுதான் அவருடைய முதல்.

ஐந்தாம் படி: ஓட்டோ லீசிங் ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய ஓட்டோவின் விலை எங்கேயோ போய்விட்டது. விலை ஏறினால் லீசிங் தொகையும் ஏறும், கால அளவும் நீளும். வாகனத்தின் பெறுமதியில் எவ்வளவு பங்குக்கு மட்டும் லீசிங் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி உச்ச அளவு வைத்திருக்கிறது, அதை அவ்வப்போது மாற்றும். அந்த அளவைத் தாண்டி "நாங்க சமாளிச்சுத் தர்றோம்" என்று ஒருவர் சொன்னால், மேல் தொகை வேறொரு கடனாக, வேறொரு தாளில், கூடின வட்டிக்கு வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. 750,000 ரூபா லீசிங், 48 மாதம், மாதம் 27,500. மொத்தம் 1,320,000. வருடத்துக்கு 19 சதவீதம் ஃப்ளாட் என்று சொல்லியிருப்பார்கள். மிச்சக் கடனுக்கான வட்டியாகப் பார்த்தால் 31 சதவீதம். முதல் மாதம் நீங்கள் கட்டும் 27,500இல் ஏறக்குறைய 19,500 வட்டிக்கே போய்விடும், அசலில் எட்டாயிரம்தான் கழியும்.

இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்து, "பாதி முடிஞ்சுதே, அடைச்சிருவோம்" என்று போகிறீர்கள். கட்டியது 660,000. அசலில் மிச்சம் இருப்பது இன்னும் ஏறக்குறைய 487,000! காலம் பாதி போனது, கடன் பாதி போகவில்லை. இது ஏமாற்று இல்லை, கணக்கே அப்படித்தான். ஆனால் முதல் நாளே தெரிந்திருந்தால் 48 மாதத்துக்குப் பதில் 36 மாதம் கேட்டிருப்பீர்கள், அல்லது முற்பணம் கொஞ்சம் கூட்டிப் போட்டிருப்பீர்கள். அதனால் தவணை அட்டவணையைக் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் அசலுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும் அந்தத் தாள்தான் லீசிங்கின் உயிர்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் விரல் வைக்கும் இடங்கள் இவை.

முன்கூட்டி அடைத்தால் என்ன கழிவு, என்ன கட்டணம். சில ஒப்பந்தங்களில் மிச்ச வட்டியில் ஒரு பங்கையும் சேர்த்துக் கேட்பார்கள்.

தாமதக் கட்டணம் எதன் மேல் ஏறுகிறது. தவறிய தவணையின் மேலா, மிச்சமிருக்கும் முழுக் கடனின் மேலா? இரண்டுக்கும் இடையில் மலையளவு வித்தியாசம்.

எத்தனை தவணை தவறினால் வண்டியை எடுப்பார்கள், அதற்கு முன் எத்தனை நாள் அறிவித்தல். எடுத்த பிறகு வண்டி நிற்கும் யார்டுக்கு நாள் வாடகை யார் கட்டுவது. ஏலத்தில் விற்றால் விலையை எப்படித் தீர்மானிப்பார்கள், விற்ற காசு போதாவிட்டால் மிச்சத்தை உங்களிடமும் பிணையாளரிடமும் கேட்பார்களா.

காப்புறுதி. முதல் வருடத்தைச் சேர்த்துவிட்டு, இரண்டாம் வருடத்திலிருந்து தாங்களே எடுத்துத் தவணையில் ஏற்றுவார்களா, நீங்கள் விரும்பிய இடத்தில் எடுக்கலாமா.

தவணைத் திகதி. சின்ன விஷயம்தான், ஆனால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிது. சம்பளம் பத்தாம் திகதி என்றால் தவணை ஐந்தாம் திகதி இருக்கக் கூடாது. ஒவ்வொரு மாதமும் ஐந்து நாள் தாமதக் கட்டணம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். பதினைந்தாம் திகதிக்கு மாற்றச் சொன்னால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். அப்புறம், கொழுந்து நிறைய வருகிற மாதத்துச் சம்பளத் துண்டைப் பார்த்துத் தவணையை முடிவு செய்யாதீர்கள். பேர், அதாவது முழு நாள் சம்பளம், சரியாக விழாத மாதத்தின் துண்டை எடுங்கள், அதில் தீபாவளி முற்பணத்தையும் சங்கச் சந்தாவையும் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பாருங்கள்.

கடைத் தவணை

குளிர்சாதனப் பெட்டி, டி.வி., சோபா. இங்கே "வட்டியே இல்லை" என்ற போர்ட் தொங்கும். காசு கொடுத்தால் 150,000, தவணையில் 16,000 வீதம் 12 மாதம் என்றால் 192,000. வட்டியின் பெயர் 42,000 ரூபா, அவ்வளவுதான். 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் இப்படியான தவணைக் கொள்வனவுகளுக்கானது. கைக்காசு விலையும் தவணை விலையும் தவணை எண்ணிக்கையும் எழுத்தில் இருக்க வேண்டும். கடையில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இப்பவே முழுக்காசும் கட்டினா எவ்வளவு குறைப்பீங்க?" குறைக்கும் தொகைதான் வட்டி. விலையை மறைப்பது, ரசீது தர மறுப்பது போன்றவற்றுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

ஆறாம் படி: பிணை நிற்பதும் குழுவில் சேர்வதும் கடன் எடுப்பதுதான்

பக்கத்து லயத்து அக்கா கேட்டார், மச்சான் கேட்டார் என்று பிணைக்குக் கையெழுத்து வைப்பது எங்கள் ஊரில் மறுக்க முடியாத ஒன்று. மறுக்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் கடன் எடுப்பவருக்குக் கொடுக்கும் அதே தாள்களின் பிரதியை உங்களுக்கும் கேளுங்கள். அவர் கட்டாவிட்டால் உங்களிடம் வருவதற்கு முன் அவரிடம் எவ்வளவு தூரம் போவார்கள் என்று கேளுங்கள். பிணையின் விபரமும் கொடுகடன் தகவல் பணியகத்தில், நாம் "கிரிப்" என்கிறோமே, அங்கே பதிவாகும். நாளைக்கு உங்கள் பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

குழுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா? எழுத்தில் இல்லாவிட்டால், தவணை வசூலிக்கும் சென்டர் கூட்டத்தில் எல்லோரையும் இரவு வரை உட்கார வைத்து வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை. எழுத்தில் இருந்தாலும் பெண்களை அவமானப்படுத்தி வசூலிக்கும் உரிமை எந்தத் தாளிலிருந்தும் வருவதில்லை.

ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேர்கிறீர்கள் என்றால் மேலே உள்ள மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள். புதுக் கடனில் கைக்கு வரும் காசு எவ்வளவு, அதில் பழைய கடனுக்குப் போவது எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால் அரிசி வாங்கவும் மிச்சம் இருக்காது.

ஏழாம் படி: கையெழுத்து வைக்கும் அந்தப் பத்து நிமிடம்

வழக்கமாக இப்படித்தான் நடக்கும். சாயந்தரம் வேலை விட்டு வந்த நேரம். தாள்களை விசிறி போல விரித்து, கையெழுத்து வைக்கும் கீழ்ப்பகுதி மட்டும் தெரியும்படி அடுக்கி வைப்பார்கள். வைக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் குருசு போட்டிருக்கும். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இதுல ரெண்டு" என்று விரல் ஓடும். மேல்பகுதியை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அது ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில்.

விசிறியை மடக்கி ஒவ்வொரு தாளாகத் தரச் சொல்லுங்கள். வெற்றிடம் உள்ள தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். "பிறகு நிரப்பிக்கிறோம்" என்றால், நிரப்பிவிட்டே கொண்டு வரட்டும். நிரப்பத் தேவையில்லாத இடம் என்றால் நீங்களே பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நீங்கள் எழுதி வைத்த நாலு எண்களும் ஒப்பந்தத்தில் உள்ள எண்களும் ஒன்றுதானா என்று பாருங்கள். கையெழுத்து வைத்த ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். அது தேவையில்லை என்று சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். ஒப்பந்தப் பிரதி உங்கள் உரிமை, "ஹெட் ஒபிஸ் போய் வரும்" என்று விடாமல் திகதி குறித்துக் கேளுங்கள்.

எழுத்து வாசிக்க வராத பெற்றோர் கையெழுத்து வைக்கிறார்கள் என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும். பிள்ளைகள் இந்தக் கணக்கை எங்களைவிட வேகமாகப் போடுகிறார்கள்.

எட்டாம் படி: தவணை தவறினால்

ஒளியாதீர்கள். இரண்டாவது தவணை தவறுவதற்கு முன் கிளைக்குப் போய், ஏன் தவறியது, எப்போது எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு கடிதம் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தவணையை மாற்றி அமைக்கிறோம் என்றால் மறுபடி நாலு எண்கள் கேளுங்கள். மாதத் தவணை குறைந்து மொத்தம் கூடியிருக்கும். எவ்வளவு கூடியது என்று தெரிந்து கையெழுத்து வைப்பது வேறு, தெரியாமல் வைப்பது வேறு.

எந்தக் காசு கட்டினாலும் ரசீது. வசூலிக்க வந்த பொடியனின் கையில் கொடுத்து, அவன் கொப்பியில் மட்டும் எழுதிப் போனால் அந்தக் காசு கட்டியதாக ஆகாது. வங்கியில் போட்டு துண்டை வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் ஈரத்துக்கு ரசீது மை ஆறு மாதத்தில் அழிந்துவிடும், அதனால் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தவணை தவறிய வண்டியை எடுத்துப் போகும் சீசிங்காரர் வந்துவிட்டால் கைகலப்பு வேண்டாம். லீசிங் முடியும் வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் கம்பனிதான் என்பதால் அவர்கள் பேச இடம் இருக்கிறது. ஆனால் கம்பனியின் எழுத்துமூல அதிகாரத்தையும் அடையாள அட்டையையும் காட்டச் சொல்லலாம். உங்கள் உடைமைகளை எடுத்துக்கொள்ளலாம். வண்டியின் நிலை, மைல் கணக்கு, டயர், ரேடியோ எல்லாம் எழுதிய பட்டியலில் அவர்களுடைய கையொப்பம் வாங்குங்கள், படம் எடுங்கள். பயமுறுத்தினாலோ கைவைத்தாலோ பொலிஸில் பதிவு செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: எங்கே முறையிடுவது

முதலில் அதே நிறுவனத்துக்கு எழுத்தில். இதைத் தாண்டிப் போனால் மேலே உள்ள எல்லா இடத்திலும் "அங்க எழுதினீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கடிதம் நீளமாக வேண்டாம்: ஒப்பந்த இலக்கம், என்ன சொன்னார்கள், என்ன நடந்தது, உங்களுக்கு என்ன வேண்டும். "அநியாயம் பண்ணிட்டாங்க" என்று எழுதுவதைவிட "தவணை அட்டவணை கேட்டேன், தரவில்லை, தர வேண்டும்" என்று எழுதினால் பதில் வரும்.

சரியான பதில் இல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம். 1935க்கு அழைக்கலாம், தமிழில் பேசலாம், எழுத்தில் அனுப்பினால் இன்னும் நல்லது. நிதி ஒம்புட்ஸ்மன் அலுவலகமும் இருக்கிறது. அது கட்டணம் இல்லாமல் இரு தரப்பையும் கேட்டுத் தீர்க்கப் பார்க்கும். கடிதத்தோடு தாள்களின் பிரதிகளை மட்டும் அனுப்புங்கள், மூலப் பிரதி உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது.

வழக்கு என்று தாள் வந்துவிட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் போகாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு வரும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால், நீதிமன்ற வளாகங்களில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவும். வட்டிக்காரர் நோட்டை வைத்து வழக்குப் போட்டிருந்தால் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தை அங்கே ஞாபகப்படுத்துங்கள்.

கடன் முடிந்த பிறகு

கடைசித் தவணை கட்டினால் வேலை முடியவில்லை. கடன் முழுதும் தீர்ந்ததற்கான கடிதம் வாங்க வேண்டும். ஓட்டோ என்றால் உரிமை மாற்றுவதற்குக் கம்பனி தர வேண்டிய ஆவணங்களுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கம்பனியின் பெயரை நீக்கி, புத்தகத்தை உங்கள் பெயருக்கு மட்டும் ஆக்க வேண்டும். இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு, விற்கப் போகும்போது கம்பனியைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. பிணையாளருக்கும் அந்தக் கடிதத்தின் பிரதியைக் கொடுங்கள். ஓரிரு மாதம் கழித்து உங்கள் கிரிப் அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் தீர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால் அந்தக் கடிதத்துடன் கம்பனிக்குத்தான் முதலில் எழுத வேண்டும். குழுக் கடன் என்றால் ஆரம்பத்தில் வெட்டிய சேமிப்புக் காசைத் திருப்பிக் கேட்க மறந்துவிடாதீர்கள்.